வியாழன் பின்னேர ரசிகைகள்

பலேர்மோ
13.10.1996

மடு மாதா துணை

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும் செலஸ்ரீனா எழுதுவது. நானும் உங்கள் மகன் விமலராஜும் மாதாவின் கிருபையால் நல்ல சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும், அண்ணாவின் சலரோகம் எந்த மட்டில் நிற்கிறது என்பதையும் அறிய ஆவல்.

இன்று ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். பாதரிடம் சொல்வதைவிட உங்களிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. விமல் ஒரு வருஷமாகப் பல்கலைக்கழக அணியில் பந்து விளையாடுகிறான். நான் உங்களுக்கு மறைத்துவிட்டேன். படிப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. விவசாயப் படிப்பில் இரண்டாம் வருஷம், சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போய் மண்டரின் மரங்களுக்கு என்ன வருத்தம் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருகிறான். சனி ஞாயிறில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். மிஞ்சின நேரத்தில்தான் விளையாட்டு.

அண்ணா பன்னிரண்டு வருஷம் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதின மத்தியஸ்தர் என்பதால் கவனமாக விளக்குகிறேன். இது எங்கள் உதைபந்து இல்லை, அமெரிக்காக்காரரின் ஃபுட்போல். பந்து நார் உரித்த சின்னத் தேங்காய் மாதிரி. காலால் உதைப்பது குறைவு. ஒருவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான், எதிர்ப்பக்கத்துத் தடியன்கள் எல்லாரும் அவன்மேல் வந்து விழுவார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. ரன்னிங் பெக் என்று அந்த ஓட்டக்காரனுக்குப் பேர். எங்கள் விமல்தான் அது.

மாணவர் போட்டிகள் வியாழன் பின்னேரத்தில் வைக்கிறார்கள். வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு இந்த ஊரில் லீவும் வியாழன் பின்னேரம்தான். முதலில் நானும் என் சிநேகிதி அமலினியும் போனோம். இப்போது பதினாலு பெண்கள். பொலிதேயாமாப் பக்கத்துச் சினோராக்கள் என்கிற எங்கள் எசமானிகளின் குசினிகள் எல்லாம் அன்றைக்கு மைதானத்தில்தான் இருக்கும். அவன் பந்தை எடுத்ததும், "ஓடடா விமல், ஓடடா!" என்று நாங்கள் போடுகிற கூச்சலில் இத்தாலியர் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் மூத்தவன் றோபேட்டின் ஓட்டம் அப்படியே இவனுக்கு வந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முதல் அந்தக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோகாமல் விட்டிருந்தால், தம்பியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பான்.

கோபித்தாலும் பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை
செலஸ்ரீனா


மன்னார்
20.11.1996

அன்புத் தங்கை செலஸ்ரீனாவுக்கு,

நாங்கள் சுகம். சலரோகம் மருந்தோடு அடங்கி நிற்கிறது. மச்சாளுக்கு முழங்கால் நோ, வேறு குறை இல்லை.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பந்தைக் கையால் தொட்டால் ஃபவுல். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினால் அது களவு. இதற்கு ஃபுட்போல் என்று பேர் வைத்தவனை என் மைதானத்தில் கண்டிருந்தால் சிவப்பு மட்டை காட்டி வெளியே அனுப்பியிருப்பேன். அமெரிக்காக்காரனுக்குக் காலுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாதோ?

மறைத்ததை மன்னிக்கிறேன். ஆனால் ஒன்று. விமல் விளையாடுவதென்றால் விளையாடட்டும், ஓடுகிற இடம் வேண்டாம். கோல் காக்கட்டும். கோட்டுக்கு வெளியே நின்று கொடி பிடிக்கட்டும். ஓட மட்டும் விடாதே. நீங்களும் அப்படிக் கத்த வேண்டாம். படிக்கத்தான் அவனை உன்னிடம் அனுப்பினேன்.

மழை தொடங்கிவிட்டது. மச்சாள் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்பு அண்ணன்
அகஸ்ரின்


பலேர்மோ
15.12.1996

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும், வருகிற நத்தாருக்கும் புது வருஷத்துக்கும் எங்கள் வாழ்த்துக்கள். குளிர் தொடங்கிவிட்டாலும் சுகத்துக்குக் குறைவில்லை. மச்சாள், முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் போகும்போது அனுப்புவேன்.

அண்ணா, உங்கள் கட்டளையை விமலிடம் சொன்னேன். சிரித்தான். "மாமி, இந்த விளையாட்டிலை கோல் காக்கிறதெண்டு ஒண்டு இல்லை. ஓடாட்டி நான் வீட்டிலைதான் இருக்கவேணும்" என்றான். நான் என்ன சொல்ல? ஓடுகிற குதிரையை வண்டிலில் ஏற்றி வைக்கச் சொல்கிறீர்கள்.

போன வியாழன் நடந்ததைக் கேளுங்கள். எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு மனிசன், "இந்தக் கறுப்புப் பொடியனுக்கு ஏன் பந்தைக் குடுக்கினம்?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். எங்களுக்கு இத்தாலியன் விளங்காது என்று நினைப்பு. எங்களில் ஒருத்தியான நாகபூசணி அக்கா எழும்பித் திரும்பி நின்று, "அவனைப் பிடிக்க உங்களிட்டை ஆள் இல்லை, அதுதான்" என்று இத்தாலியனிலேயே சொன்னா. சொல்லி வாய் மூடவில்லை, விமல் நாற்பது யார் தூரம் ஓடிக் கோட்டைத் தாண்டினான். பிறகு அந்த மனிசனும் எழும்பி நின்று "ஓடடா" என்று கத்தினான்! அவனுக்கு அதன் கருத்து என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

அந்த ஓட்டத்தை எங்களோடு வருகிற மரியாவின் மகள் படம் எடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். தலைக்கவசமும் நெஞ்சுக் கவசமும் போட்டவன் விமல். பின்னால் துரத்துகிறவர்கள் நாலு பேரும் எதிரணி. வடிவாகப் பாருங்கள், ஒருவனுடைய கையும் அவன் முதுகைத் தொடவில்லை. இதைப் பார்த்தபிறகும் கொடி பிடிக்கச் சொன்னால் நான் உங்கள் தங்கை இல்லை.

வாய் நீண்டதற்கு மன்னிப்புடன்,
செலஸ்ரீனா


பலேர்மோ
9.2.1997

அன்புள்ள அண்ணா, மச்சாள்,

சுகமாக இருக்கிறீர்களா? இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. தபால் பிந்துகிறதா, என் வாய் பிந்த வைத்ததா தெரியவில்லை. படம் கிடைத்ததா?

இஞ்சை அணி அரை இறுதிவரை வந்துவிடும் போல இருக்கிறது. பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, "சினோரா, இருபது வருஷத்திலை இப்பிடி ஒருத்தனைக் காணேல்லை" என்றார். வீட்டுக்கு வந்து தனியே இருந்து அழுதேன். பெருமையில்தான்.

ஆனால் விமல் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறான். "அப்பா என்னவும் எழுதினவரோ?" என்று கேட்கிறான். நீங்கள் ஒரு தரம் "ஓம்" என்று எழுதினால் போதும், அண்ணா. அவன் உங்களிடம் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்
செலஸ்ரீனா


மன்னார்
26.2.1997

தங்கை செலஸ்ரீனாவுக்கு,

சுகம். கடிதம் இரண்டும் கிடைத்தன. படமும் கிடைத்தது. இனிமேல் படம் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

விமல் விளையாட்டை இன்றோடு விட வேண்டும். அவனுடைய தகப்பன் சொல்கிறேன். இதற்குமேல் கதை இல்லை.

வலது கை சுளுக்கிவிட்டது. இடது கையால் எழுதுவதால் எழுத்துக் கோணல்.

அகஸ்ரின்


பலேர்மோ
20.3.1997

அண்ணா,

மச்சாளும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கை எப்படி? எங்கே விழுந்தீர்கள்?

நீங்கள் சொன்னபடி நடந்தது. கடிதத்தை விமலிடம் கொடுத்தேன். வாசித்தான், மடித்து சேட்டுப் பொக்கற்றில் வைத்தான். அடுத்த நாள் தன் உடுப்பையும் தலைக்கவசத்தையும் பயிற்சியாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "அப்பா வேண்டாம் எண்டவர்" என்றானாம். இருபது வயதுப் பிள்ளை அப்படிச் சொன்னதை அந்த மனிசனால் நம்ப முடியவில்லை. இத்தாலியரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அவன் என்னோடு சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிடிக்கவில்லை. வகுப்பு, கோப்பை கழுவல், நித்திரை. மேசையில் எனக்கு எதிரே இருந்து சோற்றைப் பிசைகிறான், வாய்க்குள் போவதைக் காணவில்லை. அவன் இல்லாமல் அணி அரை இறுதியில் செத்துப் பிழைத்து வென்றது. நாங்கள் பதினாலு பேரும் போய் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். திரும்பி வரும்போது அமலினி சொன்னாள்: "அக்கா, உங்கட அண்ணர் ஒரு கிழமை இஞ்சை வந்து எங்களோடை நிலம் துடைச்சுப் பாக்கட்டும். கிழமை முழுக்கக் குனிஞ்சு நிக்கிற எங்களுக்கு, எங்கட ஆள் ஒருத்தன் நிமிந்து ஓடுறதைப் பாக்கிறது என்னெண்டு அப்ப விளங்கும்."

சின்னனில் இருந்து உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. கலியாணம் வேண்டாம் என்றீர்கள், இருந்தேன். இத்தாலிக்குப் போ என்றீர்கள், வந்தேன். பிள்ளையை அனுப்புகிறேன், பார் என்றீர்கள், பார்த்தேன். ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். காரணம் சொல்லுங்கள். காரணம் இல்லாத கட்டளைக்கு இனி என் வீட்டில் இடம் இல்லை.

செலஸ்ரீனா


மன்னார்
2.4.1997

அன்புள்ள மச்சாள் செலஸ்ரீனாவுக்கு அற்புதமலர் எழுதுவது. நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நீர் இவருக்கு எழுதின கடிதத்தை நான்தான் முதலில் வாசித்தேன். என் தங்கை றோஸ்மேரி நாளைக்குக் கொழும்புக்குப் போகிறாள். இதை அவள் கையில் கொடுக்கிறேன், அங்கே தபாலில் சேர்ப்பாள். இஞ்சை போடுகிற கடிதமும் இஞ்சைக்கு வருகிற கடிதமும் எத்தனை கண் பார்த்து வருகிறது என்று உமக்குத் தெரியாது. இவருக்கு இது தெரிய வேண்டாம்.

நீர் படம் வைத்து அனுப்பின கடிதம் உடைத்துத்தான் வந்தது. இரண்டாம் நாள் ஆமிக்காரர் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "இது எந்த இயக்க முகாம்? உன்ரை மகன் தலையிலை என்ன போட்டிருக்கிறான்? நெஞ்சிலை என்ன கட்டியிருக்கிறான்?" என்று கேட்டார்களாம். இவர் உம்முடைய முதல் கடிதத்தில் இருந்ததை எல்லாம் ஒப்புவித்தாராம். விளையாட்டு ஐயா, ஃபுட்போல் ஐயா, கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி ஐயா என்று. "பந்தைக் கையிலை வைச்சோ ஃபுட்போல் விளையாடுறது?" என்று கேட்டுத்தான் அடித்தார்களாம். தானும் அதையேதான் உமக்கு எழுதினவர் என்று எனக்குச் சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பாதர் போய்க் கதைத்ததால் விட்டார்கள். கை சுளுக்கவில்லை. மூன்று விரல் முறிந்தது.

உம்மில் பிழை இல்லை. சந்தோஷமாக ஒரு படம் அனுப்புவது குற்றம் என்று எந்த மனிசருக்குத் தோன்றும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். றோபேட் காய்ச்சலில் சாகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஆமிக் காவலரணுக்குக் கிட்ட "நில்" என்று கத்தினார்கள், அவன் ஓடினான். சுட்டார்கள். காய்ச்சல் என்று எழுதித் தந்தால்தான் உடம்பைத் தருவோம் என்றார்கள். இவர் எழுதிக் கொடுத்தார். பூசைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தார். உமக்கும் அப்படியே எழுதினார். அதற்குப் பிறகு விசிலைத் தொடவில்லை, ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை, பஸ் புறப்பட்டாலும் ஓடிப் பிடிக்க மாட்டார்.

மச்சாள், விமல் தகப்பனிடம் கேட்டான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் பெற்றவள், நான் சொல்கிறேன். ஓடினதுக்காக ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். மற்றப் பிள்ளையையும் ஓடாமல் கட்டிவைத்தால், அவர்களுடைய வேலையை நாங்களே செய்து கொடுத்தது போல. அம்மா ஓம் எண்டவ என்று அவனுக்குச் சொல்லும்.

அற்புதமலர்


பலேர்மோ
24.4.1997

அன்புள்ள அண்ணா,

கை ஆறி வருகிறதா? இதையும் தபாலில் மன்னாருக்குப் போடவில்லை. கொழும்பில் றோஸ்மேரிக்கு அனுப்புகிறேன், அவள் கையில் கொண்டுவந்து தருவாள்.

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னது என்று கேட்டு வீட்டில் சண்டை வேண்டாம். அந்தப் படத்தை அனுப்பின கையை நான் வெட்டிப் போட்டாலும் உங்கள் விரல் நேராகாது. உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். அதோடு கேட்கிறது முடிந்தது.

றோபேட்டைப் பற்றி விமலிடம் சொல்லப் பயந்து பயந்து போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும், மாமி. அப்பா உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்" என்றான். பதினாலு வயதில் இஞ்சை வந்த பிள்ளை, ஆறு வருஷம் என்னோடு ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இதை அடக்கி வைத்திருக்கிறான். ஏன் பிறகும் ஓடுகிறாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா ஓடினதாலை சாகேல்லை, மாமி. சுட்டதாலைதான் செத்தவர். ஓடினது அவரின்ரை பிழை எண்டு அப்பா நினைக்கிறார். நான் நினைக்கேல்லை."

இறுதிப் போட்டி மே பத்தாம் திகதி. அவன் திரும்பப் போய் உடுப்பை வாங்கிவிட்டான். தாய் ஓம் என்றுவிட்டா, நானும் ஓம் என்றுவிட்டேன். அண்ணா, பிறந்து நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தரம் உங்கள் சொல்லைத் தட்டுகிறேன். கோபம் வந்தால் கோபியுங்கள், ஆனால் மறைந்திருந்து கோபிக்காதீர்கள்.

செலஸ்ரீனா


பலேர்மோ
11.5.1997

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகம், விமல் உடம்பெல்லாம் நோவோடு படுத்திருக்கிறான், அவனும் சுகம்தான்.

இறுதிப் போட்டியைச் சனிக்கிழமையில் வைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சனி லீவு இல்லை. என் சினோராவுக்கு அன்று மத்தியானம் பன்னிரண்டு விருந்தாளிகள். "சனிக்கிழமை நான் வரமாட்டன், சினோரா" என்றேன். "அப்படியெண்டால் திங்களும் வரவேண்டாம்" என்றா. "சரி, திங்களும் வரேல்லை" என்றேன். பதினொரு வருஷம் அந்த வீட்டுக் கண்ணாடி துடைத்தவள் நான். ஓகஸ்ற்றில் இஞ்சை இருக்கிறதுக்கான என் அனுமதி, பெர்மெஸ்ஸோ, முடிகிறது, வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் புதுப்பிக்க முடியாது. அதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். மற்றப் பெண்கள் பதின்மூன்று பேரும் தங்கள் தங்கள் சினோராக்களிடம் அதையே சொல்லிவிட்டு வந்தார்கள். நாகபூசணி அக்கா விடிய எழும்பி புனித றொசாலியாவின் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறி நேர்ந்துவிட்டு, அதே காலோடு மைதானத்துக்கு வந்தா.

நாங்கள் தோற்றுவிட்டோம், அண்ணா. கத்தானியா அணி இரண்டு புள்ளியால் வென்றது. அவர்களுக்கு விமலைப் பற்றி முன்பே தெரியும். ஒவ்வொரு தரமும் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். விழுந்து கிடக்கும்போது எனக்கு என்ன நினைவு வந்தது என்று எழுத மாட்டேன், உங்களுக்கு விளங்கும். ஒவ்வொரு தரமும் எழும்பினான். எழும்பிப் பந்தைக் கொண்டா என்று கை நீட்டினான். கடைசி நிமிஷத்தில் அறுபது யார் தூரம் ஓடிக் கோட்டைத் தாண்டினான், அந்த ஆறு புள்ளியும் போதாமல் போய்விட்டது, அவ்வளவுதான். முடிந்த பிறகு வென்றவர்களைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. இத்தாலியக் கிழவர்கள்கூட எங்கள் பக்கத்துக்கு வந்து அவனுடைய கையைப் பிடித்தார்கள்.

செப்ரெம்பரில் அடுத்த ஆட்டக்காலம். பயிற்சியாளர் விமலை இப்போதே கேட்கிறார். விமல் இன்னும் பதில் சொல்லவில்லை. "அம்மா ஓம் எண்டவ. அப்பா இன்னும் சொல்லேல்லை" என்கிறான். தாயின் சொல்லோடு ஒரு தரம் ஓடிவிட்டான். தகப்பனின் சொல் இல்லாமல் இன்னொரு வருஷம் ஓட அவனுக்கு மனம் வரவில்லை.

மரியா எனக்கு வேறு வீடு தேடுகிறாள். கவலைப்பட வேண்டாம்.

செலஸ்ரீனா


மன்னார்
22.6.1997

என் அன்புத் தங்கைக்கு,

நானும் மலரும் சுகம். விரல்கள் மடங்குகின்றன, எழுத்தைப் பார்த்தால் தெரியும். இந்தக் கடிதத்தை மன்னார்த் தபாலில்தான் போடுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

உனக்கு எழுதினது மலர் என்று எனக்குத் தெரியும். அவள் எல்லாம் எழுதினாள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். என்னைக் காப்பாற்ற விட்டிருக்கிறாள். அதை நான்தான் எழுத வேண்டும்.

அன்றைக்கு நான் றோபேட்டுக்குப் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அவர்கள் "நில்" என்றார்கள். அவன் நின்றான், செலஸ்ரீனா. நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். முந்தின நாள் அதே இடத்தில் அவர்கள் சொல்லி நின்ற இரண்டு பெடியன்கள் வீட்டுக்கு வரவில்லை. என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது. சின்னனில் இருந்து பள்ளிக்கூட மைதானத்தில் அவனுக்குக் கத்தின அதே கத்து. "ஓடடா!" நான் சொன்னதால் ஓடினான். உன் முதல் கடிதத்தில் அந்தச் சொல்லை வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இன்னொரு பிள்ளைக்கும் அதையே கத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

விமல் சொன்னதை நீ எழுதினாய். ஓடினதால் சாகவில்லை, சுட்டதால்தான் செத்தவர் என்று. ஏழு வருஷம் நான் என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். சுட்டவனை ஒருநாளும் விசாரிக்கவில்லை. மத்தியஸ்தம் செய்த மனிசனுக்கு அது பெரிய வெட்கம்.

போன வெள்ளி றோபேட்டின் திவசம். பூசைக் கருத்தை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதர் வாசித்துவிட்டு, "அகஸ்ரின், வழமைபோல காய்ச்சல் எண்டு போடுவமே?" என்றார். "இல்லை பாதர். எழுதினபடி வாசியுங்கோ, இல்லாட்டி நான் ஏறி வாசிக்கிறன்" என்றேன். அவர் வாசித்தார். "சுட்டுக் கொல்லப்பட்ட றோபேட் அகஸ்ரினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." வாசலில் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள். மலர் முழங்கால் நோவோடு எழும்பி நின்றாள். நானும் நின்றேன். பிறகு பின்வாங்கில் ஒரு தாய் எழும்பி, "என்ரை மகனுக்கும் அப்பிடித்தான், பாதர்" என்றா. அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர்.

இதற்காக என்னைத் திரும்பவும் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். கேட்டதற்குப் பதில் சொல்வேன், இந்த முறை ஐயா போடமாட்டேன்.

என் மகனிடம் சொல்லு, அப்பா ஓம் எண்டவர் என்று. நீங்கள் பதினாலு பேரும் உரத்துக் கத்துங்கள். என் குரலையும் சேர்த்துக் கத்துங்கள்.

உன் அண்ணன்
அகஸ்ரின்